ஆறு மாதம் மேலே, ஆறு மாதம் கீழே

ஏப்ரல் 9

அன்புள்ள முடிச்சுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று குட்டி என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் நீ பாத்திரங்களைப் போட்டு உருட்டுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு பலமாக உருட்டுகிறவனுக்கு உடம்பில் குறை எதுவும் இருக்க முடியாது. மனசில்தான் ஏதோ புகைகிறது. அதை எழுது. போன் மகளுக்கு, கடிதம் நமக்கு என்று ஒப்பந்தம் போட்டது எதற்கு? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை. கடிதத்தில் சண்டை போடுவதற்குத் தபால்காரர் தயவு வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது.

இங்கே காலையிலிருந்து வேனுக்குள் அடைந்து கிடக்கிறோம். காற்று அடங்கினால்தான் கயிற்றில் இறங்க முடியும். அது அடங்குகிற வழியைக் காணோம். மேஸ்திரி அடிக்கொரு தரம் இறங்கிப்போய்க் காற்றின் வேகத்தை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்புகிறார். கொட்டாவி தன் பட்டப்பெயருக்கு ஏற்றபடி வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. நேற்றுப் பாதியில் விட்ட வேலை மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு தொங்குகிறது. மின்னல் அடித்த காற்றாலை இறக்கை. நுனிக்குக் கொஞ்சம் மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கருகி ஓட்டை. கருகியதை எல்லாம் அறுத்து எடுத்துவிட்டேன். இனி கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ரெசின் பசையில் நனைத்து ஒட்ட வேண்டும், அதன்மேல் பட்டி, அப்புறம் உப்புத்தாள், அப்புறம் பெயிண்ட். ஆளின் வாயைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போன பல் டாக்டர் மாதிரி இருக்கிறது என் நிலைமை.

என் தொடைகள் இரண்டும் இப்போது என்னுடையவை இல்லை. ஹார்னஸ் பட்டையில் உட்கார்ந்து மதியம் வரை தொங்கினால் எல்லாம் மரத்துப்போகிறது. தரையில் இறங்கியதும் கோழி மாதிரி நடக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நாம் ஜோடியாகத் தொங்கிய காலத்தில் நீயாவது பார்த்துச் சிரிப்பாய். கொட்டாவி சிரிப்பதில்லை, அவனும் அதே நடைதான். உன்னைப்போல முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆளும் அவன் இல்லை. ஒரு பார்வை, ஒரு கொட்டாவி, அவ்வளவுதான்.

அவன் ஒன்று கேட்டான். "போன நவம்பர்ல அண்ணனுக்கு உடம்பு சரியில்லாம போச்சே, இப்ப தேவலையா?" உனக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது? என்னிடம் மூச்சே விடவில்லையே.

ஜூன் கடைசியில் என் முறை முடிகிறது. உன் அம்மா வந்திருந்தால் விசாரித்ததாகச் சொல். கட்டிய புருஷனுக்கு 'நீ' போட்டு எழுதுகிறேன் என்பதை மட்டும் காட்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் அணில்


ஏப்ரல் 18

அன்புள்ள அணிலுக்கு,

பாத்திரத்தை உருட்டியது கோபத்தில் இல்லை. அடிப்பிடித்ததைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் உப்புத்தாள்தான் போட்டேன். இப்போது நீ அங்கே பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது.

நவம்பரில் ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஒருநாள் ஒரு மாதிரி இருந்தது, சரியாகிவிட்டது. கொட்டாவிக்கு வேறு வேலை இல்லையா?

தொட்டிக் கடையில் தலைக்குமேல் வேலை. அதே துணி, அதே ரெசின், அதே உப்புத்தாள்தான், விரிசல் மட்டும் குளியல் தொட்டியில். இன்று ஒரு பெரிய தொட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மனைவி எட்டிப் பார்த்து, "என்னப்பா, வெந்நீர் திறந்து விடட்டுமா?" என்றார். நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன். ஒரு கட்டடத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போடக் கூப்பிட்டார்கள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். குட்டியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் இல்லையா?

குட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று நாற்காலியின் மேல் ஏறி நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். என்னடி செய்கிறாய் என்றால், "அம்மா வேலை" என்கிறாள். அப்பா வேலையும் அதுதான் என்றேன். நம்பவில்லை.

ஜூலையை நினைத்தால் எனக்கும் தூக்கம் பிடிப்பதில்லை. என் கயிறுகளை எடுத்து வைத்துவிட்டேன். பட்டைகளைத் துவைத்தும் விட்டேன். நீ ஜூன் கடைசியில் வந்துவிடு, தள்ளிப் போடாதே. மரத்த தொடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சொன்னால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
முடிச்சு


மே 12

அன்புள்ள முடிச்சுக்கு,

ஒரு விஷயம். படித்து முடிக்கும் வரை குதிக்காதே.

போன வாரம் ஒரு இறக்கையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இறங்கினேன். பார்வைக்குப் புத்தம் புதுசு, ஒரு கீறல் கிடையாது. டக் டக் என்று ஒரே சீராக வந்த சத்தம் ஓர் இடத்தில் பொத்தென்று விழுந்தது. கொட்டாவியும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லக்கா, உங்க காதுதான்" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. மேஸ்திரியிடம் அடம்பிடித்து அறுத்தேன். உள்ளே அடுக்குகள் ஒன்றையொன்று விட்டு விலகி, கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. இன்னும் ஒரு பருவம் சுற்றியிருந்தால் இறக்கை பாதியில் முறிந்து பக்கத்து வயலில் கிடந்திருக்கும்.

அதற்குப் பிறகு மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு முட்டி போய்விட்டது, ஏணியில் ஏற முடியவில்லை. கீழே இருந்து மேற்பார்வை மட்டும் பார்க்கப் போகிறார். மேலே குழுவை நடத்த ஓர் ஆள் வேண்டும். "நீ இருக்கியாம்மா?" என்றார். ஜூலையிலிருந்து. நடுவில் விட்டுவிட்டுப் போகிற ஆள் சரிப்படாது, முழு வருஷமும் இருக்க வேண்டும் என்கிறார்.

அப்படியானால் இந்த ஜூலையில் உன் முறை போய்விடும். எனக்குத் தெரியும். ஆறு மாதம் மேலே, ஆறு மாதம் கீழே என்பது நாம் இரண்டு பேரும் கைகொடுத்துப் பேசிக்கொண்டது. நான் ஒன்றும் சரி என்று சொல்லிவிடவில்லை. உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு ஆசையாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். சின்ன ஆசை இல்லை. லாட்ஜ் அறையில் உட்கார முடியாமல் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். கீழ் அறைக்காரர் வந்து கதவைத் தட்டி, "மேலே யாராவது குடித்தனம் மாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சீக்கிரம் எழுது.

உன் அணில்


மே 21

அணிலுக்கு,

முடியாது.

உன் காது நல்ல காது என்று எனக்குத்தான் முதலில் தெரியும், மேஸ்திரிக்கு இல்லை. சந்தோஷம்தான். ஆனால் என் முறை என் முறைதான். இத்தனை மாதமாக நான் தொட்டிக்குள் உட்கார்ந்து தேய்ப்பது எதை நம்பி? ஜூலையை நம்பி. நீ ஆசை என்று எழுதிவிட்டாய். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? வீட்டில் இருக்கிற மனுஷன் மரம் என்று நினைத்தாயா?

இந்த முறை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறையும் ஏதாவது வரும். அப்புறம் நிரந்தரமாக நான் பாத்திரம், நீ இறக்கை. அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்குமேல் எழுதினால் வாயில் வந்ததை எழுதிவிடுவேன்.

குட்டிக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது.

முடிச்சு


ஜூன் 24

முடிச்சுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். எழுதியிருந்தால் கடிதம் பற்றிக்கொண்டிருக்கும்.

மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பொறுப்பு கொட்டாவிக்குப் போகிறது. அவனே என்னிடம் வந்து, "அக்கா, நான் கேக்கலக்கா, அவங்களா குடுத்தாங்க" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நல்லபடியாகச் செய் என்று சொல்லிவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். உன்மேல்தான் கோபம். ஆனால் நீ சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் இன்னும் கோபம்.

சனிக்கிழமை மாலை வண்டியில் வருகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம். தொடைக்கு ஒத்தடம் கொடுக்கவில்லை. இனி ஆறு மாதம் அவற்றுக்கு விடுமுறைதானே.

அணில்


ஜூலை 16

அன்புள்ள அணிலுக்கு,

வந்து இரண்டு வாரம் ஓடிவிட்டது. சனிக்கிழமை நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை என் பையில் புது உப்புத்தாள் கட்டை வைத்திருந்தாய். பார்த்தேன். நன்றி.

இங்கே காற்று இந்த வாரம் சொன்னபடி கேட்கிறது. தினமும் வேலை. நேற்று ஓர் இறக்கையின் முன்விளிம்பு முழுவதையும் முடித்தோம். மழைத்துளி அடித்து அடித்து ஓரம் சொரசொரவென்று பூச்சி அரித்த பலகை மாதிரி ஆகியிருந்தது. வேலை செய்துகொண்டே இருந்தால் நேரம் போவதே தெரியவில்லை. இங்கிருந்து பார்த்தால் தூரத்துச் சாலையில் லாரிகள் தீப்பெட்டி மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கின்றன. மூச்சை இழுத்து விட்டேன், அத்தனை ஆனந்தம். நடுவில் சூடாக ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.

ரெசின் கலக்குவதில் இந்த முறை நான் மிகக் கவனமாக இருக்கிறேன். குளிர் காலையில் அது தேன் மாதிரி கெட்டிப்பட்டு நிற்கும், உனக்குத் தெரியும். டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, எடைபோட்டு, அதை இறுக வைக்கிற ஹார்ட்னரைச் சேர்த்து, குமிழி வராமல் மெதுவாகக் கிளற வேண்டும். அவசரப்பட்டால் கலவை கையிலேயே சூடேறிக் கல்லாகிவிடும். கொட்டாவி தலைமைப் பொறுப்பில் நன்றாகவே இருக்கிறான். கொட்டாவி குறைந்திருக்கிறது.

குட்டியின் பல் விழுந்ததா?

உன் முடிச்சு


ஜூலை 30

அன்புள்ள முடிச்சுக்கு,

பல் விழுந்துவிட்டது. அதை ஒரு டப்பாவில் போட்டு எடைபோட்டுத் தரச் சொல்கிறாள்.

நான் நன்றாக இல்லை. சொல்லிவிடுகிறேன், நல்லபடியாக இருப்பதாகப் பூசி மெழுகத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் ஜன்னலுக்குப் போய் மரத்தின் இலை எப்படி ஆடுகிறது என்று பார்க்கிறேன். இன்று ஏறலாம் என்று மனசு சொல்கிறது, அப்புறம்தான் எங்கே இருக்கிறேன் என்பது புரிகிறது. முதல் வாரம் சாப்பாட்டு மேசையைத் தேய்த்துப் பாலிஷ் போட்டேன். இரண்டாம் வாரம் கதவுகள். இப்போது குட்டியின் கட்டில் மட்டும்தான் பாக்கி. அவள் அதன்மேல் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

தொட்டிக் கடையில் சேர்ந்துவிட்டேன். முதலாளிக்கு நம் இருவரில் யார் வந்தாலும் ஒன்றுதான். அந்த மொட்டைமாடித் தொட்டி வேலை ஏப்ரலிலிருந்து அப்படியே கிடக்கிறதாம். நீ முதுகுவலி என்று சொன்னாயாம். என்னிடம் நேரமில்லை என்று எழுதினாய். எதுவாக இருந்தால் என்ன, நான் ஏறிச் செய்துவிட்டேன். எட்டு மாடி. விளிம்புக்கு வெளியே சாய்ந்து ஒட்டுப் போட வேண்டியிருந்தது. அந்த ஒரு மதியம் மட்டும் மனுஷியாக இருந்தேன். இறங்கி வந்தபோது முதலாளியின் மனைவி, "என்னம்மா, முகத்துல இவ்வளவு வெளிச்சம்?" என்றார்.

நீயாவது எனக்கும் சேர்த்துத் தொங்கு. எல்லாவற்றையும் எழுது. சின்னச் சின்ன விஷயத்தைக்கூட விடாதே. இங்கே நான் அதை வைத்துத்தான் வண்டி ஓட்டுகிறேன்.

உன் அணில்


ஆகஸ்ட் 14

அன்புள்ள அணிலுக்கு,

கேட்டாய் அல்லவா, இதோ. நேற்று மின்னல் வேலை. நுனியிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் கருகல். அறுத்து எடுத்து, துணி அடுக்கினோம். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட விரல் அகலம் பெரிதாக. ரெசின் மூன்று தரம் கலக்க வேண்டியிருந்தது. இரண்டாவது கலவை கொஞ்சம் முந்திக்கொண்டது, வாளியோடு தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கலந்தேன். சூட்டுப் போர்வையைச் சுற்றிக் கட்டிவிட்டு, அது இறுகும்வரை காத்திருக்கும்போது வெயில் முதுகில் இதமாக இருந்தது. பக்கத்து வயலில் நாய் ஒன்று முயலைத் துரத்திக்கொண்டு ஓடியது. முயல் தப்பித்துவிட்டது. சூடாக டீ, கொட்டாவியின் பிஸ்கட். மாலையில் உற்சாகமாக நடந்தே லாட்ஜுக்குப் போனேன்.

உனக்கும் சேர்த்துத்தான் செய்கிறேன். நம்பு. குட்டியின் கட்டிலை விட்டுவிடு.

உன் முடிச்சு


ஆகஸ்ட் 22

முடிச்சுக்கு,

எனக்கே காது குத்துகிறாயா?

உன் இரண்டு கடிதங்களையும் எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. படிக்கப் படிக்க ஏதோ உறுத்தியது. நேற்றுத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் பிடிபட்டது. இரண்டு கடிதத்திலும் ஓர் இடத்தில்கூட உன் கால் மரத்துப்போகவில்லை.

கயிற்றில் தொங்குகிற ஆள் எவனாவது தொடையைத் திட்டாமல் கடிதம் எழுதியிருக்கிறானா? போன வருஷம் நீ எழுதியவற்றை எடுத்துப் பார்த்தேன். முதல் வரி நலம், இரண்டாம் வரி தொடை. இந்த வருஷம் நீ நாள் முழுக்கத் தொங்கிவிட்டு உற்சாகமாக லாட்ஜ் வரை நடந்து போகிறாய். அப்புறம் அந்த டீ. மேலே எவன் குடித்த டீ சூடாக இருந்தது? மூடியில் ஊற்றுவதற்குள் காற்று ஆற்றிவிடும், பாதியைத் தூக்கிக்கொண்டும் போய்விடும். அடுத்த வயலில் ஓடுகிற முயல் உன் கண்ணுக்குத் தெரிகிறது, தப்பித்ததுகூடத் தெரிகிறது. ரெசினோ பக்கம் பக்கமாக வருகிறது. நீ கீழே இருக்கிறாய். வேனுக்குப் பக்கத்தில் எடை போட்டு, கலந்து, வாளியில் கட்டி மேலே அனுப்புகிறாய். கொட்டாவியைக் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு உன்னிடம் மாட்டிக்கொண்டு முழிப்பான், பாவம்.

எவ்வளவு நாளாக? நவம்பரில் உனக்கு வந்தது என்ன? எட்டு மாடித் தொட்டிக்கு ஏன் போகவில்லை?

நான் உன்னைக் கேலி செய்வேன் என்று நினைத்தாயா? உன் முடிச்சை நம்பித் தொங்கியவள் நான். நீ பயந்தால் பயந்தேன் என்று சொல்வதற்கு இந்த உலகத்தில் ஆள் இருக்கிறது என்றால் அது நான்தான். ஆனால் நீ கீழே உட்கார்ந்து பசை கலக்குவதற்கு நான் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு இங்கே மேசையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. வயிறு எரிகிறது. உண்மையை எழுது. பொய் எழுதினால் இந்த முறை பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

அணில்


செப்டம்பர் 3

அன்புள்ள அணிலுக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. முயல் தப்பித்தது மட்டும் எனக்குத் தெரியாது, அது நானாகச் சேர்த்தது.

போன நவம்பரில் ஒருநாள். மந்தமான வெயில், காற்று சுத்தமாக இல்லை, நல்ல வேலை நாள். இறக்கையின் பாதியில் தொங்கிக்கொண்டு பட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றுவிட்டது. கயிற்றைப் பிடித்த கையை விடவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை. கொட்டாவி பக்கத்தில் வந்து, தன் அக்கா கல்யாணத்தில் நடந்த சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே என் கயிற்றையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி என்னை இறக்கினான். அதற்கப்புறம் மாதக் கடைசி வரை ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தேன். டிசம்பரில் காற்று எனக்காக அடித்தது என்று வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த மொட்டைமாடிக்குப் போனேன். தொட்டி வரைக்கும் போக முடியவில்லை. படிக்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜூலையில் இங்கே வந்த முதல் நாளே மேலே ஏறினேன். உச்சி அறையின் கதவைத் திறந்து வெளியே வந்தேன். முடிச்சை மூன்று தரம் பார்த்தேன். கொட்டாவி இறங்கிவிட்டான். நான் விளிம்பில் உட்கார்ந்து இடது காலை வெளியே போட்டேன். வலது கால் வரவில்லை. கை நடுங்கவில்லை, வியர்க்கவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். மேஸ்திரி ரேடியோவில், "என்னப்பா, கயிறு சிக்கிக்கிச்சா?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் கொட்டாவி, "அண்ணே, கீழ ரெசினுக்கு ஆள் சரியில்ல, நீங்க பாத்துக்குறீங்களா?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். உன் கடிதம் வந்தபிறகு மறுபடி ஒருதரம் ஏறிப் பார்த்தேன். அதே கால்தான்.

விழுந்துவிடுவேன் என்று நினைக்கவில்லை. குட்டியை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அதுவும் பொய். காரணத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

மே மாதம் முடியாது என்று உனக்கு எழுதியது நியாயத்துக்காக இல்லை. இந்த முறையை விட்டால் அடுத்த முறை கேட்கிற துணிச்சல்கூட இருக்காது என்று தெரிந்துதான் கேட்டேன். நீ கொடுத்துவிட்டாய். வாங்கி வைத்துக்கொண்டு ரெசின் கலக்குகிறேன். என் பிழைப்பை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

முடிச்சு


செப்டம்பர் 10

அன்புள்ள முடிச்சுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். நான் எழுதப் போவதைப் படித்து நீ என்னை வெறுத்தாலும் வெறு. ஆனால் நீ உண்மையை எழுதியிருக்கும்போது நான் மட்டும் அரிதாரம் பூசிக்கொண்டு உட்கார முடியாது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். 'வலது கால் வரவில்லை' என்று நீ எழுதிய இடத்தில் என் மனசு துள்ளியது. இனி நான்தான் மேலே, எப்போதும் நான்தான் என்று துள்ளியது. அழுகை அதற்கு அப்புறம்தான் வந்தது. உனக்காக அழுதேனா, இப்படிச் சந்தோஷப்பட்ட என்னை நினைத்து அழுதேனா என்று தெரியவில்லை. குட்டி வந்து, "என்னம்மா, கட்டிலையும் தேச்சாச்சா?" என்றாள்.

நாம் ஜோடியாகத் தொங்கிய நாட்களில் உன் பக்கத்தில் இருக்கும்போது கீழே இருப்பது எத்தனை மீட்டர் என்றே எனக்குத் தெரியாது. நீ இருக்கிறாய், அது போதும். அந்த ஆள் பத்து மாதமாகத் தனியாக இதைச் சுமந்திருக்கிறான், நான் மேசையைத் தேய்க்கிறேன் என்று புலம்பியிருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன். ஆனால் சந்தோஷத்துக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டாலும் அது போகாது.

நீ வீட்டுக்கு வா என்று எழுதலாம். நான் போகிறேன், இனி முறையெல்லாம் வேண்டாம் என்றும் எழுதலாம். எழுத மாட்டேன். மே மாதம் நான் கேட்டேன், நீ முடியாது என்றாய். இப்போது அதே விஷயத்தை நான் சொன்னால் கால் வராதவனிடமிருந்து பறித்ததாகிவிடும். வருஷக்கணக்கில் நம் சாப்பாட்டுத் தட்டில் அது கிடக்கும். நீ தரையில் நின்று ரெசின் கலந்துகொண்டே டிசம்பர் வரை இருக்க விரும்பினால் இரு, நான் இங்கே இருக்கிறேன். முணுமுணுப்பேன், ஆனால் இருப்பேன். முறை முடிந்தது என்றால் அதை நீதான் சொல்ல வேண்டும்.

உன் அணில்


செப்டம்பர் 19

அன்புள்ள அணிலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் வெறுப்பாக இருந்தது. மறைக்கவில்லை. வாளியை உதைத்தேன், கலந்து வைத்த ரெசின் முழுவதும் புல்லில் கொட்டியது. கொட்டாவி மேலிருந்து, "அண்ணே, வாளி வருதா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். அப்புறம் இன்னொரு தரம் படித்தேன். ஐயோ பாவம் என்று நீ எழுதியிருந்தால் அதை வாழ்நாள் முழுக்கத் தாங்கியிருக்க மாட்டேன். நீ சந்தோஷப்பட்டாய், அதைச் சொன்னாய். இந்த வெறுப்பு போகக் கொஞ்ச காலம் ஆகும். போய்விடும் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்ப்பா. நீயா வந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டே வேலை நோட்டை எடுத்தார். வருஷத்தின் மீதி மாதங்களுக்கு உன் பெயரை எழுதிக்கொண்டார். நீ கொட்டாவியின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும், பதவி கைமாறிவிட்டது. நான் உனக்குச் செய்ததில் அதை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கொட்டாவிக்குத்தான் பயம் பிடித்துவிட்டது. "அக்கா வந்தா நான் அவங்களுக்கு வேலை சொல்லணுமாண்ணே?" என்கிறான். அக்கா உனக்குச் சொல்வாள், நீ அதையே திருப்பிச் சொன்னால் போதும் என்றேன்.

இங்கே ரெசின் கலக்கும் வேலைக்கு என்னை வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். கீழே நின்று உன்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. நீ வேலை செய்கிற இடத்தில் நான் இருக்கக் கூடாது, வீட்டில் இருக்கலாம். தொட்டிக்குள் உட்காருவேன்.

முறை முடிந்தது, அணில். நான் சொல்கிறேன். யாரும் பறிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். கயிறுகளை இங்கேயே மேஸ்திரியிடம் விட்டுவிட்டேன், யாருக்காவது ஆகும். நீ சனிக்கிழமை கிளம்பலாம். ஒன்று மட்டும் எனக்காகச் செய். அப்பா வருகிறார் என்று குட்டியிடம் சொல். எத்தனை நாளைக்கு என்று கேட்பாள், நம் இரண்டு பேரிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இனிமேல் போக மாட்டார் என்று நீயே சொல்லிவிடு. நான் வந்து சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிக்கு,
முடிச்சு